வெப்பத்தில் அணைந்த கணினி: காரணங்களும் சோதனை முறையும்

இயங்கிக்கொண்டிருக்கும்போதே சூடேறித் தானாக அணைந்துபோன கணினிக்கு இரண்டில் ஒன்று நேர்ந்திருக்கும். வெப்பத்தை உணர்ந்த பாதுகாப்பு ஏற்பாடு மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். இல்லையேல் வெப்பம் தாங்காமல் ஏதோ ஒரு பாகம் பழுதாகியிருக்கும். முதல் வகைக் கணினி ஆறியதும் மீண்டும் எழும்பும். இரண்டாம் வகைக் கணினி எழும்பாது. அணைந்த சில நிமிடங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தோன்றும். சுவிட்சை அழுத்தினால் எந்த அசைவும் இருக்காது. புரோசசர் எரிந்துவிட்டது என்று அந்த வேளையில் முடிவுகட்டி, புதுக் கணினிக்குப் பணம் தேடத் தொடங்கும் வீடுகள் பல. உண்மையில் வெப்பத்தால் புரோசசர் சாவது மிக அரிது. பெரும்பாலும் பழுதாவது அதைச் சுற்றியுள்ள மலிவான பாகங்கள்: காற்றாடி, தெர்மல் பேஸ்ட், பவர் சப்ளை, மதர்போர்ட்டிலுள்ள கெப்பாசிட்டர்கள். வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்தால் பழுது எங்கே என்பது பெரும்பாலும் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

வெப்பம் பிறக்கும் இடமும் வெளியேறும் வழியும்

புரோசசருக்குள் செல்லும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. நடுத்தர மேசைக் கணினியின் புரோசசர் வேலைப்பளுவின்போது 65 வாட் அளவில் மின்சக்தியை உண்கிறது. ஒரு பழைய இழை மின்குமிழின் அளவுதான் என்றாலும், இந்த வெப்பம் பிறக்கும் சிலிக்கன் சில்லின் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. சதுர சென்ரிமீற்றருக்கு 40 வாட்டுக்கு மேல் என்று கணக்கு வருகிறது. சமையலறையில் 1500 வாட் மின் அடுப்பின் 18 சென்ரிமீற்றர் அகலத் தட்டில் இந்த அளவு 6 வாட்டைத் தாண்டாது. அடுப்புத் தட்டைவிட ஏழு மடங்கு செறிவாக வெப்பம் வெளிவரும் ஒரு சில்லை 100 பாகைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதே கணினிக் குளிரூட்டலின் முழுப் பிரச்சினை.

இதற்காகச் சில்லின் மேல் அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன ஹீட் சிங்க் பொருத்தப்படுகிறது. ஒன்றையொன்று தொடும் இரண்டு பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணளவில் மேடும் பள்ளமும் நிறைந்தவை. அழுத்திப் பொருத்தினாலும் இடையில் காற்று தங்கிவிடும். அலுமினியம் காற்றைவிடச் சுமார் 8000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், அந்த மெல்லிய காற்றுப்படலமே பெருந்தடையாகிறது. பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது தெர்மல் பேஸ்ட்டின் வேலை. உலோகத்தோடு ஒப்பிட்டால் அது நல்ல கடத்தி இல்லை. ஆனால் காற்றைவிடப் பல மடங்கு சிறந்தது. ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு வந்த வெப்பத்தைக் காற்றாடி அள்ளிக் காற்றில் சேர்க்க, அந்தச் சூடான காற்று கேசிங்கின் பின்புறத்தால் வெளியேறுகிறது. சில்லு, பேஸ்ட், உலோகம், காற்று என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வெப்பம் சில்லிலேயே தேங்கும்.

குளிர்ந்த ஊரில் சூடேறுவது ஏன்?

கணினி சூடேறுவது கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற வெக்கையான இடங்களின் தொல்லை என்றும், மலையகத்துக்கு அது வராது என்றும் எண்ணுவது இயல்பு. கண்டி மாவட்டத்தின் தெற்கே, மகாவலி கங்கைக் கரையில், ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் உள்ள நாவலப்பிட்டியை எடுத்துக்கொண்டால் அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். உயரத்தினால் காற்றின் அடர்த்தி ஐந்தாறு விழுக்காடு குறைவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. அறையின் வெப்பநிலையும் கணினிக்குச் சாதகமானதே. பாதகமாக இருப்பது ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை நேரே கொண்டுவந்து கொட்டும் மலைச்சரிவு இது. சற்று மேலே உள்ள வட்டவளை, ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம். இலங்கையில் மிகக் கூடுதலாக மழை பெறும் பகுதிகளில் ஒன்று.

உலர்ந்த தூசி காற்றாடியின் வேகத்தில் ஓரளவுக்குப் பறந்துவிடும். ஈரத் தூசி ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பின் புகைக்கரி, தாளிப்பின் எண்ணெய்ப் பசை, சாம்பிராணிப் புகை, துணிகளிலிருந்து உதிரும் நூலிழை எல்லாம் அதோடு சேரும்போது, ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே சாம்பல்நிறக் கம்பளித் துணி போன்ற ஒரு படலம் உருவாகிறது. காற்றாடியைக் கழற்றாமல் மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. காற்றாடிக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் அது தடித்திருக்கும். காற்றாடி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்க, தகடுகளுக்குள் காற்று புகாமல் கணினி வெந்துகொண்டிருப்பது இதனால்தான்.

ஈரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இயங்கும் கணினியின் உள்ளே சூடு இருப்பதால் அது உலர்ந்தே இருக்கும். அணைந்த கணினி ஆறி, தூசியின் வழியாக ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய தூசி மெல்லிதாக மின்சாரத்தைக் கடத்தும். நெருங்கிய செம்புத் தடங்களுக்கு இடையே கசிவையும் அரிப்பையும் உண்டாக்கும். ஆகவே சூடேறி அணைந்த கணினியை அடைமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மூலையில் போட்டுவைப்பது சிறிய பழுதைப் பெரிதாக்கும். சோதனையை ஓரிரு நாளில் முடிப்பது நல்லது.

சில்லு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்

2001ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ் ஒரு சோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் புரோசசர்களின் மேலிருந்த ஹீட் சிங்க் கழற்றப்பட்டது. அன்றைய ஏஎம்டி அத்லான் சில்லுகள் நொடிகளில் கருகின. இன்டெல் பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. அந்தச் சோதனை பெரும் விவாதத்தை எழுப்பியது. இன்று இரு நிறுவனங்களின் சில்லுகளிலும் வெப்ப உணரிகளும் தற்காப்பும் உள்ளன.

தற்காப்பு இரண்டு படிகளில் வேலை செய்கிறது. வெப்பநிலை 95 முதல் 100 பாகையை எட்டியதும் சில்லு தன் வேகத்தைக் குறைக்கிறது. பயனருக்கு இது காரணமில்லாத மந்தமாகத் தெரியும். அதன்பின்னும் வெப்பம் ஏறினால், இன்டெல் சில்லுகளில் ஏறத்தாழ 130 பாகையில், மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்டளை மதர்போர்ட்டுக்குப் போகும். திரையில் எந்த அறிவிப்பும் இன்றிக் கணினி சட்டென்று அணைவது அப்போதுதான். சில மதர்போர்ட்டுகளும் பவர் சப்ளைகளும் இவ்வாறு துண்டித்த நிலையை நினைவில் வைத்திருக்கும். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டாலன்றி அவை மீண்டும் இணங்கா.

வெப்பம் உண்மையில் பழுதாக்குவது எதை?

முதல் பலி மின்பகு கெப்பாசிட்டர். உருளை வடிவில் நிற்கும் இந்தப் பாகத்தின் உள்ளே திரவம் உண்டு. சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889இல் வகுத்த சமன்பாட்டிலிருந்து பொறியியலாளர்கள் ஓர் எளிய விதியைப் பெற்றிருக்கிறார்கள்: வெப்பநிலை 10 பாகை உயரும்தோறும் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும். 105 பாகையில் 2000 மணிநேரம் உழைக்கும் கெப்பாசிட்டர் 65 பாகையில் 32,000 மணிநேரம் உழைக்கும். 85 பாகையில் 8000 மணிநேரத்தில் அதன் கதை முடியும். நாளுக்கு எட்டு மணிநேரம் இயங்கும் கணினிக்கு இது பதினொரு ஆண்டுக்கும் மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்துக்கும் உள்ள வேறுபாடு. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகளில் குறைபாடுள்ள திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்ட்டுகளைச் செயலிழக்கச் செய்தன. 2003 முதல் 2005 வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்வதற்காக டெல் நிறுவனம் 30 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது.

இரண்டாவது பற்றாசு இணைப்பு. சூடேறும்போது சிலிக்கன் விரிவதைவிட, அது அமர்ந்திருக்கும் பச்சைப் பலகை ஐந்து மடங்குக்கு மேல் விரிகிறது. 4 சென்ரிமீற்றர் அகலத்தில், 60 பாகை ஏற்றத்துக்கு, பலகை ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று நான்கு பங்கு நீளும். நாள்தோறும் சூடேறி ஆறும்போது இந்த இழுபறியை இடையிலுள்ள பற்றாசுக் குண்டுகள் தாங்குகின்றன. ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பின் அவற்றில் மயிரிழை வெடிப்பு விழும். 2008இல் என்விடியா நிறுவனம் இவ்வகைப் பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

மூன்றாவது பவர் சப்ளை. தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டு, கேசிங்கின் வெப்பத்தையும் இழுத்து வெளியேற்றும் பாகம் அது. பல்லி, எறும்பு, கரப்பான் அதற்குள் புகுவதும் உண்டு. மார்ச் – ஏப்ரல், ஒக்டோபர் – நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமின்னலும், மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் கணத்தின் ஏற்ற இறக்கமும் அதன் மேல்தான் விழுகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை நீடித்த மின்வெட்டுக் காலத்தில் மின்சாதனங்கள் அடிக்கடி இந்த அதிர்ச்சிக்கு உள்ளாயின.

சோதனைக்கு முன்

கணினி அணைந்ததும் திரும்பத் திரும்பச் சுவிட்சை அழுத்துவது கூடாது. காற்றாடி நின்றபின் ஹீட் சிங்க்கின் வெப்பம் கேசிங்குக்குள் பரவும். அந்நேரம் இயக்கினால் முன்பைவிட விரைவாகச் சூடேறும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி அரை மணிநேரம் ஆறவிட வேண்டும். பிறகு கணினியின் சுவிட்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னேற்றம் வடியும். அதன்பின் ஒருமுறை இயக்கிப் பார்க்கலாம். கருகல் மணமோ புகையோ வந்திருந்தால் இயக்கிப் பார்ப்பதையும் தவிர்த்து நேரே பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும்.

கணினி எழும்பாவிட்டால், அல்லது எழும்பியும் நிலைக்காவிட்டால், அது காட்டும் அறிகுறியை வைத்து மூன்று வழிகளாகப் பிரிக்கலாம்.

முதல் அறிகுறி: எந்த அசைவும் இல்லை

காற்றாடி சுழலவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரம் வரும் பாதையைச் சுவரிலிருந்து தொடர வேண்டும். வேறொரு சாதனத்தைச் செருகி பிளக் பொயின்ட்டைச் சோதிக்கலாம். சதுர முனைகள் கொண்ட மூன்றுமுனை பிளக்குக்குள் ஒரு பியூஸ் உண்டு. அது எரிந்திருந்தால் அதே அளவு பியூஸை மாற்றினால் போதும். பழைய வீடுகளில் வட்டமுனைப் பொயின்ட்டுக்கும் சதுரமுனை பிளக்குக்கும் நடுவே செருகும் அடப்டர் தளர்ந்து உருகியிருக்கலாம். பிளக்கைச் செருகியதும் வீட்டின் டிரிப் சுவிட்ச் விழுந்தால் பவர் சப்ளைக்குள் கசிவோ குறுக்குச் சுற்றோ உள்ளது. மேலும் இயக்க முயலக் கூடாது.

அடுத்தது பவர் சப்ளை. அதன் பின்புறச் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்தபின், பிளக்கைக் கழற்றி, மதர்போர்ட்டுக்குச் செல்லும் 24 முனை இணைப்பை விலக்க வேண்டும். அந்த இணைப்பில் பச்சைக் கம்பியின் துளையையும் ஏதாவதொரு கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு, அதன்பின்பே பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட வேண்டும். பவர் சப்ளையின் காற்றாடி சுழன்றால் அதற்கு உயிர் உண்டு. கம்பிகள் எல்லாம் கறுப்பாக இருந்தால் 16ஆம் இலக்க முனையே பச்சைக்கு உரியது. சில பிராண்ட் கணினிகளில் இணைப்பின் வடிவமே வேறு. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

காற்றாடி சுழல்வது மட்டும் போதாது. மல்டிமீற்றரால் அளக்கும்போது மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட், செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்க வேண்டும். கணினி அணைந்திருந்தாலும் ஊதாக் கம்பியில் 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அது இல்லையென்றால் சுவிட்சை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. இவற்றில் ஒன்று தவறினாலும் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். அதைத் திறந்து பார்க்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே 320 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டமாகத் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உயிரைப் பறிக்க வல்லது.

இரண்டாம் அறிகுறி: எழும்பிச் சில நொடிகளில் அணைதல்

இது பெரும்பாலும் குளிரூட்டல் அறுந்ததன் அடையாளம். கேசிங்கைத் திறந்து ஹீட் சிங்க்கை விரலால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். இன்டெல் பெட்டியோடு வரும் ஹீட் சிங்க் நான்கு பிளாஸ்டிக் முளைகளால் மதர்போர்ட்டில் பிடித்து நிற்கிறது. ஒவ்வொரு முளையின் நுனியும் இரண்டாகப் பிளந்திருக்கும். மேலிருந்து அழுத்தும்போது நடுவே ஒரு கறுப்பு ஊசி இறங்கி, பிளந்த நுனிகளைப் பலகையின் அடிப்பக்கத்தில் விரித்துப் பூட்டும். வெப்பத்தில் பிளாஸ்டிக் காய்ந்து முறிந்து, நான்கில் ஒன்று விட்டுப்போனாலே ஹீட் சிங்க் ஒரு பக்கம் சற்று உயர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி நொடிகளில் கணினியை அணைக்கப் போதுமானது.

ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பேஸ்ட்டின் நிலை தெரியும். நல்ல நிலையில் அது களிம்பாக இருக்கும். ஆயுள் முடிந்தது சுண்ணாம்புபோல் வெடித்துப் பொடியும். பழையதை ஐசோபுரோபைல் அல்ககோல் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்து அழுத்த வேண்டும். அள்ளி அப்பினால் பேஸ்ட் படலமே தடித்துத் தடையாகும். தகடுகளுக்குள் அடைந்த தூசியை மென்மையான தூரிகையால் எடுக்கலாம். காற்று ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்றுச் சுழன்றால் அதன் அச்சு கெடும். டயர்க் கடைக் கொம்பிரசரின் காற்றை நேரே அடிப்பது ஆபத்து. ஈரமான காற்றை அழுத்தும்போது தொட்டியில் நீர் சேரும். அது துளிகளாகப் பலகையில் தெறிக்கும்.

பேஸ்ட்டும் பிடிப்பும் சரியாக இருந்தும் அணைந்தால், புரோசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களைக் கைவிளக்கின் ஒளியில் பக்கவாட்டாகப் பார்க்க வேண்டும். அவற்றின் உச்சித் தகடு தட்டையாக இருக்க வேண்டும். உச்சியில் கீறப்பட்ட கோடுகள் மேடாகப் புடைத்திருந்தாலோ, அங்கே பழுப்புநிறப் பிசின் வழிந்து காய்ந்திருந்தாலோ அது செத்துவிட்டது. தேர்ந்த திருத்துநர் அதே கொள்ளளவும், அதே அல்லது அதிக வோல்ட் தாங்குதிறனும், 105 பாகைத் தரமும் கொண்ட கெப்பாசிட்டரை மாற்றிப் பற்றவைத்தால் மதர்போர்ட் பிழைக்கும்.

மூன்றாம் அறிகுறி: காற்றாடி சுழல்கிறது, திரை இருட்டாக உள்ளது

மின்சாரம் வருகிறது, ஆனால் கணினி தன் தொடக்கச் சோதனையை முடிக்கவில்லை. இதற்கு வழி, தேவையற்ற அனைத்தையும் கழற்றிவிடுவது. வன்தட்டு, டிவிடி, யுஎஸ்பி சாதனங்கள், தனி கிராபிக்ஸ் அட்டை எல்லாவற்றையும் விலக்கி, ஒரேயொரு ராம் நினைவக அட்டையோடு இயக்கிப் பார்க்க வேண்டும். புரோசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் திரையை மதர்போர்ட்டின் துளையில் இணைக்கலாம். ராமின் பொன்னிறத் தொடுமுனைகளை அல்ககோலால் துடைத்து உலர்த்தி, வேறு துளையில் செருகிப் பார்ப்பது மலைநாட்டு ஈரத்தில் வியக்கத்தக்க பலன் தரும். அழிறப்பரால் தேய்த்தால் துகள் துளைக்குள் விழாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

ராம் இல்லாமல் இயக்கும்போது ஒலிபெருக்கி பீப் ஒலி எழுப்பினாலோ, மதர்போர்ட்டில் ராமைக் குறிக்கும் சிறு விளக்கு எரிந்தாலோ, புரோசசரும் மதர்போர்ட்டும் உயிரோடு இருப்பதாக நம்பலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால், கணினியின் தொடக்க மென்பொருளான பயோஸின் நினைவை அழிக்க வேண்டும்: பிளக்கைக் கழற்றி, மதர்போர்ட்டிலுள்ள சிஆர் 2032 நாணய பற்றரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட வேண்டும். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட்டிலிருந்து தெளிவாக இறங்கியிருந்தால் புதிதாக மாற்றுவது நல்லது. கிராபிக்ஸ் அட்டையை நீக்கியதும் கணினி எழும்பினால் பழுது அந்த அட்டையில். அதைச் சமையல் அடுப்பில் வைத்துச் சூடாக்கும் உபாயம் பரவலாகப் பேசப்படுகிறது. ஈயமற்ற பற்றாசு உருகுவது 217 பாகைக்கு மேலே. வீட்டு அடுப்பின் சூடு தற்காலிகத் தொடுகையைத் தரலாம், நிலையான திருத்தத்தைத் தராது. சூடான பலகையிலிருந்து எழும் புகை சமையலறைக்கு உகந்ததும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் திரை இருட்டாகவே இருந்தால் மதர்போர்ட்டோ, மிக அரிதாகப் புரோசசரோ பழுது. வேலை செய்யும் இன்னொரு மதர்போர்ட்டில் புரோசசரை மாற்றிப் போட்டுத்தான் இதை உறுதிப்படுத்த முடியும். அதற்குக் கடையின் உதவி தேவை.

கோப்புகளின் நிலை

கணினி எழும்பாததால் பிள்ளைகளின் படங்களும் பாடக் குறிப்புகளும் போய்விட்டன என்று அஞ்ச வேண்டியதில்லை. அவை வன்தட்டில் உள்ளன. புரோசசரையோ மதர்போர்ட்டையோ தாக்கிய வெப்பம் அவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி மூலம் வேறு கணினியில் பொருத்தினால் கோப்புகளைப் பிரதியெடுக்கலாம். வன்தட்டு டிக் டிக் என்று சீராக ஒலியெழுப்பினால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்புத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். திருத்தக் கொடுக்கும்போது வன்தட்டை வெறுமையாக்க அனுமதியில்லை என்று எழுதியே கொடுப்பது நன்று.

எழும்பிய பின்

திருத்திய கணினியைப் பயோஸ் திரையில் சில நிமிடம் விட்டு வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். அங்கே 50 பாகையை ஒட்டி நிலைத்து நின்றால் குளிரூட்டல் வேலை செய்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் ஹீட் சிங்க் இன்னும் சரியாக அமரவில்லை. பிறகு அரை மணிநேரம் கடும் வேலை கொடுத்து, 85 பாகையைத் தாண்டாதிருந்தால் திருத்தம் நிறைவு. கேசிங்கின் பின்புறத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையில் வைக்காமல் மேசையில் வைப்பது தூசியைக் குறைக்கும். நாவலப்பிட்டி போன்ற ஈரமான ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்பும் பின்பும், ஹீட் சிங்க்கின் காற்றாடியைக் கழற்றித் தூசி அகற்ற வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பேஸ்ட்டை மாற்ற வேண்டும். இடி முழங்கும் பிற்பகல்களில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவைக்க வேண்டும். நீண்டநாள் பயன்படுத்தாத கணினியையும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் இயக்கினால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை உலர்த்திவிடும்.